இடைவேளை இல்லாத படமும் கிணற்றில் விழுந்த ஜோமரும்

இரவு டியூட்டி முடித்து வருகிறவனிடம் டீ வேண்டுமா என்று கேட்கலாம். உயிரோடுதான் இருக்கிறாயா என்றுகூடக் கேட்கலாம். கருத்து மட்டும் கேட்கக் கூடாது. அவன் சொல்லிவிடுவான்.

நான் துபாயில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். (ஊரில் 'கம்பவுண்டர்' என்கிறார்கள். திருத்தித் திருத்தி வாய் வலித்ததுதான் மிச்சம், அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.) சொந்த ஊர் குமரி மாவட்டத்துக் கடற்கரை. பெயர் சேவியர். வார்டில் 'பிரதர்'.

வார்டு இன்சார்ஜ் ரோவேனா, பிலிப்பைன்ஸ்காரர். என் தோள் உயரம்கூட இருக்க மாட்டார். ஆனால் அவர் நடந்து வந்தால் பெரிய டாக்டர்களே சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவார்கள். எல்லோரும் அவரை 'ஆத்தே' என்று கூப்பிடுவோம், அவர்கள் மொழியில் அக்கா. யாருக்கு இரவு டியூட்டி, யாருக்குப் பகல் டியூட்டி, யார் எப்போது ஊருக்குப் போகலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது ஆத்தேதான்.

எனக்கு ஏப்ரலில் லீவு வேண்டியிருந்தது. மகள் ஜெனிஷாவுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. அவள் பிறந்தபோது நான் இங்கே. ஞானஸ்நானத்துக்கும் இங்கே. முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோதும் இங்கேதான். ஆல்பத்தில் நான் நிற்க வேண்டிய இடத்திலெல்லாம் என் மச்சினன் நிற்கிறான். (அதுவும் நான் இங்கிருந்து அனுப்பிய சட்டையைப் போட்டுக்கொண்டு!) இதே ஏப்ரலுக்கு வார்டில் வேறு சிலரும் கண் வைத்திருந்தார்கள். புது வருடம் பிறந்ததும் முடிவு சொல்கிறேன் என்று ஆத்தே எல்லோரையும் தொங்கலில் விட்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிலிப்பினோ படவிழா வந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் அவர்கள் நாட்டில் புதுப்படங்களாகக் கொட்டும். அவற்றில் சிலவற்றை இங்கேயும் விடுமுறையில் போடுவார்கள். நமக்குத் தீபாவளி ரிலீஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பிரதர், வருசப் பொறப்புக்கு எல்லாரும் படத்துக்குப் போறோம்" என்றார் ரோவேனா. (அவருடைய ஆங்கிலத்தை என் தமிழில் தருகிறேன்.) "என் அக்கா பையன் ஜோமர் நடிச்சிருக்கான். சின்ன ரோல்தான். செகண்ட் ஹாஃப்ல வருவான், சிவப்புத் தொப்பி போட்டிருப்பான். பார்த்துட்டுக் கருத்துச் சொல்லணும்."

அன்று மாலையே மனைவி ஷீபாவுக்குப் போன் செய்தேன்.

"கர்த்தர் வழிகாட்டுதாரு" என்றாள் அவள். "போங்க. படம் எப்படி இருந்தாலும் அந்தப் பையன நல்லாப் புகழுங்க. புள்ளைக்க புதுநன்மைக்கும் நீங்க வரலன்னா, எனக்கு மாப்பிள்ள இருக்கானான்னே ஊர்ல சந்தேகப்படுவாவ."

வருடப் பிறப்பன்று இரவு டியூட்டி முடித்துவிட்டு, தூங்காமல், நேராகத் தியேட்டருக்குப் போனேன். அன்றைக்கு வட்டம் வட்டமாகப் புள்ளி போட்ட உடை உடுத்தினால் வருடம் முழுக்கச் செல்வம் உருண்டு வரும் என்பது பிலிப்பினோ நம்பிக்கை. என்னிடம் இருந்தது கட்டம் போட்ட சட்டை. ரோவேனா என்னை ஏற இறங்கப் பார்த்தார். கைப்பையிலிருந்து ஊசி போட்ட இடத்தில் ஒட்டும் வட்டப் பிளாஸ்திரிகளை எடுத்துச் சட்டை முழுக்க ஒட்டிவிட்டார். தடுப்பூசி முகாமில் தப்பிப் பிழைத்தவன் மாதிரி உள்ளே போனேன்.

படம் நன்றாகத்தான் போனது, கீழே ஆங்கில வசனமும் ஓடியது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒரு குண்டு மனிதர் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கிளம்புகிறார். வழியெல்லாம் தடங்கல். விமானத்தைத் தவறவிடுகிறார், பெட்டி மாறிப்போகிறது. தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. திடீரென்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் சரிகிறார். சத்தம் நிற்கிறது. திரை கும்மிருட்டு.

தமிழ்நாட்டில் பிறந்து படம் பார்த்து வளர்ந்த எவனைக் கேட்டாலும் சொல்வான், அது இடைவேளை. அதற்குமேல் ஒரு இயக்குநர் என்னத்தைச் செய்துவிட முடியும்? எழுந்து வெளியே வந்தேன்.

வெளியே ஈ காக்கை இல்லை. பாப்கார்ன் கவுண்டரில் விற்கிறவரைத் தவிர ஒருவரும் இல்லை. உள்ளே விளக்கும் போடவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? 'எவ்வளவு ஒழுக்கமான ஜனங்கள், இடைவேளையில்கூட எழுந்திரிப்பதில்லை' என்று வியந்துகொண்டே பாப்கார்ன் வாங்கினேன்.

திரும்பும்போது கதவு மாறிவிட்டது. இரண்டு கதவும் ஒரே மாதிரி, இரண்டிலும் விழாவின் சுவரொட்டி ஒரே மாதிரி, என் கண் இரண்டும் பாதி மூடி. பாப்கார்னோடு வருகிறவனை எந்தத் தியேட்டரிலும் யாரும் தடுப்பதில்லை. இருட்டில் ரோவேனா கூட்டத்தின் முழங்காலையெல்லாம் இடிப்பானேன் என்று கடைசி வரிசை மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

திரையில் ஒரு பாழடைந்த பங்களா. வெள்ளை உடையில் ஒரு பேய்.

எனக்குக் கொஞ்சமும் அதிர்ச்சி இல்லை. 'சரிதான், நெஞ்சு வலியில் செத்தவர் ஆவியாக வந்துவிட்டார், இனி பழிவாங்கல்' என்று முடிவு கட்டினேன். (முதல் பாதி சிரிப்பு, இரண்டாம் பாதி பேய். நாம் பார்க்காத படமா?) குண்டு மனிதர் எப்படி ஒல்லியான பெண் பேயானார் என்றுகூட யோசிக்கவில்லை. அவர்மேல் இன்னொரு ஆவி ஏறியிருக்கும்! சற்று நேரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவன் டார்ச் லைட்டோடு வந்தான். ஆகா, ஜோமர்! பேய் அவனைக் காலைப் பிடித்து இழுத்துக் கிணற்றுக்குள் போட்டது. கண் பிதுங்கச் செத்தான். லீவுக்குத் தேவையானதைப் பார்த்துவிட்ட திருப்தியில் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

கூட்டித் துடைக்க வந்தவர் எழுப்பினார். வெளியே ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் கண் சிவந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. 'ரொம்பப் பயந்துட்டாங்க, பாவம்' என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து சத்வா பகுதியில் ஒரு பிலிப்பினோ சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். நீள மேசை, நூடுல்ஸ், வட்டமான பழங்கள், ஒரு கரோக்கி மைக். அவர்கள் நாலு பேர் கூடினால் பாடுவதற்கு அந்த மைக் வந்துவிடும். அன்றைக்கு ஒவ்வொருவராக அதில் ஜோமரைப் பற்றிப் பேச வேண்டும். ரோவேனாவின் போனில் வீடியோ காலில் சாட்சாத் ஜோமர், பக்கத்தில் அவன் அம்மா. பேசிய எல்லோரும் அழுதார்கள். அவர்கள் பாஷையில் எனக்கு விளங்கியது 'ஜோமர்' என்ற ஒரு சொல்தான். அழுகிறார்கள் என்றால் கிணற்றுக் காட்சிதான். சந்தேகமே இல்லை.

என் முறை வந்தது. ஏப்ரலை மனதில் நிறுத்தி, மைக்கைப் பிடித்தேன். மைக்கில் எதிரொலி வைத்திருந்தார்கள்.

"நான் எத்தனையோ சாவு பார்த்தவன்" என்று ஆரம்பித்தேன். "ஆனா ஜோமர் மாதிரி அழகா யாரும் செத்ததில்லை. செத்ததில்லை... செத்ததில்லை..."

மேசையில் கரண்டிச் சத்தம் நின்றது. உருகிவிட்டார்கள் என்று நினைத்து இன்னும் உருக்கினேன்.

"அந்தக் கிணத்துக்குள்ள போகும்போது அவரோட கண்ணு! அம்மா, நீங்க பெருமைப்படணும். இந்தப் புது வருசத்துல ஜோமருக்கு இன்னும் நெறைய சாவு கிடைக்கணும்னு ஆண்டவரை வேண்டிக்கிறேன். வேண்டிக்கிறேன்... வேண்டிக்கிறேன்..."

போனில் அந்தத் தாய் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பக்கத்திலிருந்த மகனின் தலையைத் தொட்டுப் பார்த்தார்.

"எந்தக் கிணறு?" என்றார் ரோவேனா.

ஒரு இளம் நர்ஸ் மெதுவாகச் சொன்னாள்: "ஆத்தே, கிணறு பக்கத்து ஹால்ல ஓடுற பேய்ப் படத்துல."

அவ்வளவுதான், கடையே வெடித்தது. நூடுல்ஸ் மூக்கில் ஏறி ஒருவருக்கு முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. ஜோமர்கூட விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்காதது இரண்டு பேர்: அவன் அம்மா, என் ஆத்தே. ஆத்தே மைக்கை என் கையிலிருந்து வாங்கினார்.

"கலாஸ், பிரதர், போதும். சாப்பிடு."

என் சட்டையில் ஒட்டிய வட்டங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தன. ஏப்ரலும் அவற்றோடு உதிர்ந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

ஷீபாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் பேசினாள். "பெத்த தாய்க்க முன்னால, அதுவும் வருசப் பொறப்பு அன்னைக்கு, ஒம்மவன் நல்லாச் செத்தான்னு மைக்குல சொல்லியிருக்கீங்க. நல்லவேள, அங்க கிணறு இல்ல, உங்களத் தூக்கிப் போட."

அவள் சொன்னதில் சிரிப்பதற்கு எனக்குத் தெம்பில்லை. ஜெனிஷா போனை வாங்கி, "அப்பா வருவீங்கல்லா?" என்று மட்டும் கேட்டாள். டவர் இல்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் வார்டில் ரோவேனா என்னிடம் மரியாதையாகப் பேசினார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன், அந்த மரியாதையைத் தாங்க முடியவில்லை. ஒரு நாள் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை உனக்கு டியூட்டி போடலை. நல்லாத் தூங்கிட்டு மத்தியானம் தியேட்டருக்கு வா. அதே படம்."

போனேன். என்னை உள்பக்கம் உட்காரவைத்து, வழியை அடைத்தாற்போல் அவர் ஓர இருக்கையில் உட்கார்ந்தார். குண்டு மனிதர் சரிந்தார். திரை இருண்டது. பழக்கதோஷத்தில் என் முழங்கால் லேசாக அசைந்தது. ரோவேனா அதன்மேல் கையை வைத்தார்.

"எங்க படத்துல இடைவேளை கிடையாது, பிரதர். உக்காரு."

திரையில் வெளிச்சம் வந்தது. மனிதர் சாகவில்லை, மயக்கம்தான். விழித்தபோது அடுத்த விமானமும் போய்விட்டது, போனும் தொலைந்துவிட்டது. டிராலி தள்ளும் ஒரு பையன், சிவப்புத் தொப்பி போட்டவன், தன் போனைக் கொடுக்கிறான். வீட்டில் சின்ன மகள் எடுக்கிறாள். யார் என்று கேட்கிறாள். இவருக்குக் குரலே எழவில்லை. ஜோமர் போனை வாங்கிச் சொல்கிறான்: "உங்க அப்பா வந்துக்கிட்டே இருக்காரு, பாப்பா. பக்கத்துலதான்." வீடோ, கடலுக்கு அந்தப் பக்கம்.

அவ்வளவுதான் ஜோமரின் ரோல். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. டவர் இல்லை என்று வைத்த என் போன் ஞாபகம் வந்து இன்னும் அழுதேன். ரோவேனா பக்கவாட்டில் டிஷ்யூ நீட்டினார், அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

வெளியே வந்ததும் சொன்னார். "என் பையனை வளர்த்தது ஜோமரோட அம்மாதான். நான் இங்க, அவன் அங்க. என் போன் வந்தா ஓடிப்போய் எடுத்து, 'உங்கம்மா வந்துக்கிட்டே இருக்காங்க'ன்னு என் பையன்கிட்டச் சொல்லுவான் ஜோமர். அந்த வசனத்தை அவனேதான் படத்துல சேர்க்கச் சொன்னானாம். நீ என்னடான்னா, அவனைக் கிணத்துல தள்ளிட்டே."

"மன்னிச்சிடுங்க ஆத்தே" என்றேன்.

"ஏப்ரல்ல போ" என்றார். "அழுததுக்காக இல்லை. நின்னா தூக்கம், உக்காந்தா தூக்கம்னு இருக்கற ஆளை வெச்சு நான் வார்டு நடத்த முடியாது. ஊர்ல போய்த் தூங்கிட்டு வா. யல்லா, கிளம்பு!"

இப்போது ஒவ்வொரு வருடமும் அந்த விழாவுக்குப் போகிறேன். (போயாக வேண்டும், லீவு அவர் கையில்.) ஆகவே பிலிப்பினோ படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டது. சண்டைக் காட்சி வரும் என்று காத்திருக்காதீர்கள், அதற்குப் பதில் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடும். சாப்பிடும்போது ஒருவர் மற்றவரை அறைவார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழவைப்பார்கள், அதற்குத் தயாராகக் கைக்குட்டை வேண்டும். பேய்ப் படம்கூடக் கடைசியில் ஒரு அம்மாவின் கதையாகத்தான் முடியும். நமக்குக் கால் மரத்துப்போவதற்குள் படம் முடிந்துவிடும், இது ஒன்றே பெரிய புண்ணியம். முடிந்ததும் சத்வாவில் அதே மைக் என் கைக்குத்தான் முதலில் வருகிறது. "பிரதர், இந்த வருசம் யாரு செத்தா?" என்று மேசையே கேட்கிறது.

அந்த ஏப்ரலில் ஊரிலும் தப்பவில்லை. புதுநன்மைப் பூசையில் பிரசங்கம் நீண்டதும் ஆண்கள் வழக்கம்போல் வெளியே நழுவினார்கள். நானும் எழுந்தேன். ஷீபா சட்டையைப் பிடித்தாள்.

"எங்க, இன்டர்வெல்லா? திரும்பி வரும்போது அடுத்த கோயிலுக்குள்ள ஏறிராதீங்க."

பெஞ்சே சிரித்தது. வெள்ளை உடையில் முன்வரிசையிலிருந்த ஜெனிஷா, நான் இருக்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். இருந்தேன். இந்த முறை ஆல்பத்தில் மச்சினன் ஓரமாகத்தான் நிற்கிறான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு லீவு முடிவிலும் திருவனந்தபுரம் விமான நிலைய வாசலில் ஜெனிஷா அதே வசனத்தைச் சொல்வாள்: "அப்பா, இன்டர்வெல் முடிஞ்சிட்டு. கரெக்டான தியேட்டருக்குள்ள போங்க, என்னா?" எல்லோரும் சிரிப்போம்.

போன முறையும் சிரித்தோம். இப்போது என் தோள் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் பெட்டியின் கைப்பிடியை விடாமல் கேட்டாள்.

"அப்பா, ஒங்க படம் எப்ப முடியும்?"

"பக்கத்துலதான் மக்களே" என்றேன். "அப்பா வந்துக்கிட்டே இருக்கேன்."

அது ஜோமரின் வசனம். அவன் அளவுக்கு எனக்குச் சொல்ல வரவில்லை.