கிளட்ச் அக்காவின் காருக்குத் தேதி குறித்த வரலாறு

சக்கரத்தைக் கண்டுபிடித்தவனை உலகம் கொண்டாடுகிறது. அது ஒன்றும் பெரிய காரியமில்லை. உருளுகிற எதையாவது கொஞ்ச நேரம் வெறித்துப் பார்த்தால் யாருக்கும் தோன்றக்கூடியதுதான். அந்தச் சக்கரம் எந்த வருடம், எந்த வாரம், எந்தக் கிழமை செய்யப்பட்டது என்று கண்டுபிடிக்கிறவன் இருக்கிறானே, அவனல்லவா அறிஞன்! அப்படிப்பட்ட அறிஞர்கள் எங்கள் நகரத்தில் மூன்று பேர் இருக்கிறோம். என் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் அடக்கம். மற்ற இருவரின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் வக்கீலின் ஆலோசனை.

எங்கள் அமைப்பின் பெயர் ‘மூத்த வாகனங்களின் பிறந்த தேதி நிர்ணயக் குழு’. தலைவர் பல் டாக்டர். பொருளாளர் நகைக்கடைக்காரர். செயலாளர் நான், பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மனிதக் குழந்தைக்குத் தேதி பதிவதில் என்ன திறமை வேண்டிக்கிடக்கிறது? பக்கத்திலேயே அம்மா நிற்பாள், கேட்டால் சொல்லிவிடுவாள். காருக்கு அம்மா கிடையாது. தொழிற்சாலை ஒரு தகட்டில் நாலு எழுத்தை அடித்துவிட்டு, என்றைக்கோ கதவையும் இழுத்து மூடிவிட்டது. அந்த எழுத்துகளைப் பேசவைப்பதுதான் எங்கள் தொண்டு.

தொண்டுக்கு வேலை வந்தது ஓர் அரசாணையால். பழைய கார்களையெல்லாம் நசுக்கிவிட வேண்டும். ஆனால் குறிப்பிட்ட ஒரு வருடத்தின் கடைசி நாளுக்குள் பிறந்த கார் ‘பாரம்பரியச் சின்னம்’, அதை யாரும் தொடக்கூடாது என்பது உத்தரவு. ஒரு நாள் முன்னால் பிறந்தால் மாலை, ஒரு நாள் பின்னால் பிறந்தால் சம்மட்டி. எது முன்னால், எது பின்னால் என்று சான்றளிக்கும் பொறுப்பை எங்கள் குழுவிடம் ஒப்படைத்திருந்தார்கள். வேறு யாரும் அதற்கு விண்ணப்பிக்கவில்லை என்பது தற்செயல்.

முதலில் வந்தவர் கிளட்ச் அக்கா. ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். மீதிப் பேர் அவருடைய மாணவர்களைக் கண்டால் சாலையைவிட்டு இறங்கி நிற்கிறவர்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து “கிளட்ச்! கிளட்ச்!” என்று கத்திக் கத்தியே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் மூவருக்கும் ஸ்டீயரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், அதே காரில்தான். அவருடைய பயிற்சிப் பள்ளி என்பது அந்த ஒரு கார்தான்.

“தம்பி, இது சின்னமா குப்பையான்னு நல்லா பார்த்துச் சொல்லுங்கப்பா. இது போச்சுன்னா எனக்கு வேற பொழப்பு தெரியாது” என்றார்.

பல் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் காரை நிறுத்தினோம். கிராம்பு எண்ணெயும் கிரீஸும் கலந்து மணக்கும் இடம் அது. தலைவர் கையுறை மாட்டிக்கொண்டு, சின்னக் கண்ணாடி பதித்த குச்சியை எடுத்தார்.

“பானெட்டைத் திறங்க. இன்னும் நல்லா. வலிச்சா கையைத் தூக்குங்க.”

“யாரு, நானா?” என்றார் அக்கா.

“மன்னிச்சுக்குங்க, பழக்க தோஷம்.”

தகடு உள்ளே பளிச்சென்று இருந்தது. கே, நாற்பத்தேழு, மூன்று. கே என்றால் வருடம், நாற்பத்தேழு என்றால் வாரம், மூன்று என்றால் கிழமை. அந்த வருடம்தான் கெடு வருடம். நாற்பத்தேழாவது வாரம் என்றால் கெடு முடிய இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது. கார் பிழைத்தது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

“அப்ப முடிஞ்சுதா தம்பி? நான் கிளம்பட்டுமா?”

தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “முடிஞ்சுதாவா? இப்பதானே அக்கா தொடங்குது! மூணுன்னா எந்தக் கிழமை? வாரம் ஞாயித்துக்கிழமை தொடங்கினா செவ்வாய். திங்கக்கிழமை தொடங்கினா புதன்.”

“ரெண்டுமே கெடுவுக்கு முன்னாடிதானே வருது?”

“உங்களுக்குக் காரைக் காப்பாத்தணும் அக்கா. எங்களுக்கு உண்மையைக் காப்பாத்தணும்.”

எனக்குப் புல்லரித்தது. செவ்வாயா புதனா என்று தொடர்ந்து பல கூட்டங்கள் நடந்தன. ஒரு கூட்டத்தில் பொருளாளர் செவ்வாய்க்காக வெளிநடப்புச் செய்தார். மழை வந்ததால் உள்நடப்பும் செய்தார். கடைசியில், தகடு ஒன்றை மட்டும் நம்பக்கூடாது, உறுப்புகளையும் விசாரிக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம்.

இன்ஜினின் அடிவயிற்றில் வார்ப்புத் தேதி இருக்கும். அதைக் குனிந்து பார்த்தாலே தெரியும் என்று அக்கா சொன்னார். தலைவர் ஒப்பவில்லை.

“வேர்ல என்ன இருக்குன்னு பிடுங்கினாத்தான் தெரியும் அக்கா.”

பிடுங்கினார். தேதி அருமையாகப் பொருந்தியது. மேலும் ஆராய்வதற்காக அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார். அவரிடமும் இதே மாடல் கார் ஒன்று உண்டு. அதில் பாவம், ஏதோ ஒரு வேனின் இன்ஜின் இருந்தது. ஆராய்ச்சி முடியும்வரை அக்காவின் கார் காலியாகக் கிடக்க வேண்டாமே என்ற இரக்கத்தால் அந்த வேன் இன்ஜினைக் கொண்டுவந்து கட்டுப்பல் மாதிரி பொருத்திக்கொடுத்தார்.

அடுத்து கண்ணாடிகள். மூலையில் இருக்கும் முத்திரைக்குக் கீழே பொடிப்பொடியாகப் புள்ளிகள் இருக்கும். எண்ணினால் மாதம் தெரியும். பொருளாளர் வைரம் பார்க்கிற லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு எண்ணினார். கடை வெளிச்சத்தில் எண்ணினால் இன்னும் துல்லியமாக இருக்கும் என்று எல்லாக் கண்ணாடிகளையும் கழற்றிக்கொண்டு போனார். அவர் வீட்டிலும் இதே மாடல் கார் ஒன்று நின்றது. திரும்பி வந்தவை புதுக்கண்ணாடிகள்.

“என் கண்ணாடி எங்கப்பா?” என்றார் அக்கா.

“எங்க தொழில்ல எதைத் தொட்டாலும் கொஞ்சம் சேதாரம் உண்டுக்கா.”

“கொஞ்சமா? அத்தனையும் போயிருக்கே!”

“அத்தனையும் அசலாச்சே. அசல்னா சேதாரம் கூடத்தான் வரும்.”

தகட்டை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதுதான் காரின் உயிர்நாடி; திறந்த ஷெட்டில் விடலாமா? காற்று, ஈரம், கள்வர் பயம். பாதுகாக்கும் பொறுப்பைச் செயலாளர் என்ற முறையில் நானே ஏற்றேன். என்னிடமும் இதே மாடல் உண்டு. அதில் தகடு இருக்க வேண்டிய இடத்தில் துருவும் நாலு ஓட்டையும் மட்டும்தான் இருந்தன. ஒரு தகட்டைப் பத்திரமாக வைக்க அதைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் உண்டா? ஆணி முதற்கொண்டு அளவெடுத்தது போல் உட்கார்ந்தது.

கார் எங்கள் ஷெட்டில் கிடந்தும் இவ்வளவு நாளும் அக்காவின் பள்ளி நிற்கவில்லை. ஒரு மாலை அந்தப் பக்கம் போனேன். அவர் வீட்டு வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார். ஒன்றில் அக்கா. இன்னொன்றில் ஒரு பெண், பாத்திர மூடி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து இடது பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். “கண்ணாடியைப் பாரு, பின்னாடி லாரி வருது” என்றார் அக்கா. அந்தப் பெண் நிஜமாகவே திரும்பிப் பார்த்தாள். முன்பெல்லாம் வாசலில் வரிசை நிற்கும். அன்று அவள் ஒருத்திதான். வீட்டுக்கு வந்து, பாவம் அக்கா என்று மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டேன்.

“ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். அந்தம்மா தகட்டை நாளைக்கே கழட்டிக் குடுத்துடுங்க” என்றாள்.

ஆராய்ச்சி என்பது குடும்பப் பெண்களுக்குப் புரிகிற விஷயமல்ல என்று விளக்கினேன். அன்று இரவுச் சாப்பாட்டை நானே போட்டுச் சாப்பிட்டேன்.

பரிசோதனை நாள் வந்தது. போக்குவரத்து அதிகாரி வந்தார். அக்காவின் காரைச் சுற்றி வந்து, பானெட்டைத் தூக்கி, கண்ணாடியைத் தடவிப் பார்த்தார்.

“இன்ஜின் ஏதோ வேனோடது. கண்ணாடி புதுசு. தகடே காணோம். இது எப்ப பொறந்த வண்டிம்மா?”

“முப்பது வருஷமா இதைத்தான் சார் ஓட்டுறேன்!”

“இதையா?”

அக்கா காரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி காரைப் பார்த்தார். “இதைன்னா… இது இல்ல சார்” என்றார்.

அதிகாரி எங்கள் கருத்தைக் கேட்டார். பொய் சொல்வது எங்கள் குழுவின் வழக்கமல்ல. அந்த நேரத்தில் எங்கள் கண்முன் நின்ற கார் கெடுவுக்குப் பிற்பட்டது என்பதைத் தலைவர் கனத்த இதயத்தோடு சொன்னார். நான் கனத்த இதயத்தோடு கையெழுத்திட்டேன். பொருளாளர் கனத்த இதயத்தோடு முத்திரை வைத்தார்.

“என் இன்ஜினும் கண்ணாடியும் தகடும் இவங்ககிட்டதான் சார் இருக்கு!” என்று அக்கா கத்தினார்.

“விசாரணையில இருக்கற பொருளை நடுவுல வெளியே குடுக்கற வழக்கம் இல்லைங்க அக்கா” என்றார் தலைவர். அதிகாரிக்கு அதைக் கேட்டதும் பெரும் நிம்மதி. விசாரணை என்ற சொல் எந்த அலுவலகத்திலும் அப்படித்தான் வேலை செய்யும்.

அடுத்து எங்கள் மூன்று கார்களையும் பார்த்தார். ஒன்றில் கெடுவுக்கு முந்திய இன்ஜின். ஒன்றில் கெடுவுக்கு முந்திய கண்ணாடிகள். ஒன்றில் பளபளக்கும் தகடு. “மூணுமே சின்னம்!” என்று வியந்தார். மூன்று மாலைகள் விழுந்தன. பின்னால் சம்மட்டிச் சத்தம் கேட்டது. அக்கா காதைப் பொத்திக்கொள்ளவில்லை, நின்று முழுவதையும் பார்த்தார்.

நாங்கள் நன்றி மறந்தவர்கள் அல்ல. பாரம்பரியச் சின்னங்களின் முதல் ஊர்வலத்தைக் கொடியசைத்துத் தொடங்கிவைக்க அக்காவையே அழைத்தோம். ‘வாகனத் தாய்’ என்று பட்டமும் கொடுத்தோம். வரமாட்டார் என்று பொருளாளர் சொன்னார். வந்தார்.

நகரமே கூடியிருந்தது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அக்காவிடம் படித்தவர்கள். தலைவர் மைக்கில், இம்மூன்று கார்களின் பிறந்த தேதியையும் விஞ்ஞானரீதியாகக் கண்டுபிடித்த விதத்தை விளக்கினார். அதில் செவ்வாயா புதனா என்பது இன்னும் ஆய்வில் இருப்பதையும் நேர்மையாக ஒப்புக்கொண்டார். பிறகு கொடியை அக்காவின் கையில் கொடுத்தார்.

அக்கா கொடியை அசைக்கவில்லை. மூன்று கார்களையும் ஒருமுறை சுற்றி வந்தார். முதல் காரின் பானெட்டில் கை வைத்து இன்ஜின் ஓடுவதைக் கேட்டார். இரண்டாவது காரின் கண்ணாடியில் முந்தானையால் ஒரு தூசியைத் துடைத்தார். என் காரின் பானெட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

“இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேணாம், என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. மூணும் ஒரே நாள்ல பொறந்ததுதான். என் வண்டியைப் பிரிச்சாங்களே, அன்னிக்கு.”

கூட்டத்தில் யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். எல்லோரையும்விட ஓங்கித் தட்டியவர்கள் நாங்கள் மூவரும்தான். பொது இடத்தில் ஒருவர் “திருடன்” என்று கூப்பிட்டால், திரும்பிப் பார்க்காமல் கைதட்டுவதுதானே நாகரிகம்.