மோட்டார் ரூமில் ஊசியம்மா

வெட்கம் என்ற பண்டத்தைக் கடவுள் ஜனங்களுக்குப் பங்கு வைத்த அன்றைக்கு ஊசியம்மா எங்கேயோ பிரசவம் பார்க்கப் போயிருக்க வேண்டும். அவருடைய பங்கையும் சேர்த்து என் தலையில் கொட்டிவிட்டார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அரூரில் வேலை பார்த்த காலம் முழுக்க அவர் பேசினார், நான் கூசினேன்.

அவர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அரூரில் கிளம்பித் தீர்த்தமலை வரைக்கும் அவர் ஊசி குத்தாத இடுப்பு ஒன்றுகூட மிச்சமில்லை என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஞானஸ்நானப் பதிவில் மட்டும் இருந்தது. வாட்டசாட்டமான உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சிலுவை. கணவர் போய்ச் சேர்ந்து வெகு காலம். சேலத்திலிருந்து டைப்பிஸ்டாக வந்த எனக்கு, கல்யாணமாகாத பெண் என்று எல்லோரும் வீடு தரத் தயங்கியபோது, அவர்தான் தன் வீட்டின் பின்பக்க அறையைத் திறந்துவிட்டார். அன்று முதல் ஊருக்கு நான் "ஊசியம்மா வூட்டுப் பொண்ணு". அவர் சந்தையில் எதையாவது சொல்லிவைப்பார். மறுநாள் ஆபீசில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடிய அவமானம். தாங்க முடியாதது நீலத்தொட்டியில் ஆரம்பித்தது.

ஊருக்கு வெளியே, சேலம் ரோட்டில், ஒரு ரைஸ்மில் முதலாளிக்குத் தென்னந்தோப்பு இருந்தது. அவர் ஒரு கல்யாணத்துக்காகப் பெங்களூர் போனவர், தங்கியிருந்த ஓட்டலில் நீச்சல் குளத்தைப் பார்த்துவிட்டார். திரும்பி வந்ததும் கிணற்றடியில் பெரிய சிமெண்ட் தொட்டி கட்டி, நீல வர்ணம் அடித்து, "ஸ்விம்மிங் பூல்" என்று போர்டும் மாட்டினார். ஊர் அதை நீலத்தொட்டி என்றது. பெரிய மனிதர்கள் நீந்திக் களைத்த தண்ணீர் சாயங்காலம் தென்னைக்குப் பாயும். ஒரு சொட்டு வீண் கிடையாது. எல்லாவற்றையும் யோசித்த மனிதர், நனைந்தவர்கள் துணி மாற்ற ஓர் இடம் வேண்டும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை. கடைசியில் மோட்டார் ரூமின் சுவரில் நாலு ஆணி அடித்து, இதுதான் டிரஸ் மாத்தற ரூம் என்று சொல்லிவிட்டார். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்பக்கம் ஒரு தேங்காய் நார்க் கயிறு. கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வாரம் முழுக்க அந்தத் தொட்டி ஆண்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும், நாலு மணி வரைக்கும், பெண்களுக்கு. அதுவும் முதலாளியின் மனைவி சண்டை போட்டு வாங்கியது. கான்வென்டில் படித்தவர். நாங்கள் மில்லுக்காரம்மா என்போம். மோட்டார் ரூமுக்குச் சட்டதிட்டம் வகுத்ததும் அவர்தான். எல்லோரும் சுவரைப் பார்த்து நின்று மாற்ற வேண்டும். அடுத்தவரைப் பார்க்கக் கூடாது. தப்பித்தவறிப் பார்த்துவிட்டால் அதைப் பற்றிப் பேசக் கூடாது.

எங்களுக்கெல்லாம் இந்தச் சட்டம் மிகவும் பிடித்திருந்தது. உலர்ந்த பாவாடையைத் தலைவழியாகப் போட்டு, நாடாப் பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே ஈரத்தை அவிழ்த்து நழுவவிடுவோம். பத்துப் பெண்கள் சுவரைப் பார்த்து, வாயில் பாவாடையோடு, ஒரு வார்த்தை பேசாமல் நிற்போம்.

ஊசியம்மா வந்த முதல் ஞாயிறே சட்டம் செத்தது. அவர் நடுரூமில், சிலுவையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் நின்று, சாவகாசமாகத் தலை துவட்டினார்.

"என்னா பாப்பா, பாம்பு சட்டை உரிக்கற மாதிரி எவ்ளோ நேரம்? சட்டுனு மாத்து, சளி புடிச்சிக்கும்" என்றார் என்னிடம். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் பாவாடை விழும்.

அடுத்து பேங்க் ஏஜெண்டின் மனைவி பக்கம் திரும்பினார். "என்னாங்க, நாலு மாசமா?"

அந்த அம்மாள் கடித்த பாவாடையோடு "ம்ஹூம், ம்ஹூம்" என்று தலையை ஆட்டினார்.

"அப்ப அஞ்சா?"

"ம்ஹூம்!"

"ஆறு மாசத்துக்கு வவுறு சின்னதா இருக்குதேம்மா!"

அவர் பொறுக்க முடியாமல் வாயைத் திறந்து, "நான் முழுவாம இல்லீங்க!" என்று அலறினார். மற்றதை நான் பார்க்கவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மில்லுக்காரம்மா துணி மாற்றி முடித்துக் கண்டிப்பாகச் சொன்னார். "நர்சம்மா, இங்க யாரும் யாரையும் பாக்கக் கூடாதுன்னு ரூல் இருக்குங்க."

"பாக்காம எப்பிடிங்க? கண்ணு தொறந்துதானே கெடக்குது" என்றார் ஊசியம்மா. "இங்க பாத்தத இங்கயேதான் பேசறேன். வெளிய போனா நீங்க யாரோ, நான் யாரோ."

அது நிஜம்தான். மோட்டார் ரூமில் அத்தனை பேசியவர், சுகாதார நிலையத்தில் பார்த்ததைப் பற்றி வீட்டில்கூட வாய் திறக்க மாட்டார். ஒருமுறை நானே ஆசைப்பட்டுக் கேட்டேன். "அது மாதாகோயில்ல சாமியார் காதுல பாவத்தச் சொன்ன மாதிரி பாப்பா. நம்பி வராங்க. அது வெளிய வந்தா நான் மனுசியே இல்ல" என்றார்.

பிறகு வந்தது என் ஞாயிறு. நான் முதலில் துணி மாற்றி முடித்து, வெளியே ஒரு தென்னை மரத்தடியில் நின்றிருந்தேன். மணி நாலு ஆகப்போகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் ஆண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் முன்னால் நிற்பவர் எப்போதும் ரோடு கான்ட்ராக்டர்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தங்க நிற வாட்ச். அந்த நேரத்தில் மோட்டார் ரூமுக்குள்ளிருந்து ஊசியம்மாவின் குரல் தோப்பையே அதிரவைத்தது.

"ஐயோ, இங்க ஒரு பாடி கெடக்குது! யாரு பாடி இது?"

அந்தக் காலத்தில் பெண்களின் உள்சட்டைக்குப் பாடி என்றுதான் பெயர். கான்ட்ராக்டருக்கு அது தோன்றவில்லை. அவருக்குப் பாடி என்றால் பிணம்.

"பாடியா! எவளோ முழுகிட்டாடா!" என்று கத்திக்கொண்டு வேலியைத் தாண்டினார். வேட்டி, சட்டை, வாட்ச் எல்லாவற்றோடும் தொட்டிக்குள் குதித்தார். முங்கி எழுந்தார். மறுபடி முங்கினார். "கைக்கு ஒண்ணும் தட்டலீங்களே! எந்தப் பக்கம் கெடக்குது?"

ஊசியம்மா பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு நிதானமாக வெளியே வந்தார். கையை உயர்த்தினார். அவர் விரலில் தொங்கியதை அரூரின் முக்கியப் பிரமுகர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"தண்ணியில ஏன் தேடறீங்க? ஆணியில இல்ல தொங்குச்சு!" என்றவர், என் பக்கம் திரும்பினார். "பாப்பா, இது உன்னுதுதானே?"

பூமி பிளந்து பெண்களை விழுங்கிய கதைகள் உண்டு. அரூர் பூமிக்கு அந்தப் பழக்கம் இல்லை. மறுநாள் ஆபீசில் ஹெட்கிளார்க் விட்டத்தைப் பார்த்தபடியே என்னிடம் ஃபைலை நீட்டினார். நானும் விட்டத்தைப் பார்த்தபடியே வாங்கிக்கொண்டேன்.

என்னைவிட அதிகம் அவமானப்பட்டவர் கான்ட்ராக்டர். வாட்ச் நின்றுவிட்டது. டீக்கடையில் அவரைக் கண்டால் "அண்ணே, பாடி கெடைச்சுதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அடுத்த ஞாயிறு அவர் ஏழெட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு நேரத்துக்கு முன்பாகவே வந்துவிட்டார். முதலாளி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தார். நாங்கள் உள்ளே பாதித் துணியில் நின்றிருந்தோம்.

"வூட்டுல நாலு சொம்பு தண்ணி ஊத்திக் குளிக்கறத வுட்டுட்டு, வெக்கங்கெட்டவளுங்க இங்க வந்து அம்மணமா ஆட்டம் போடறாளுங்க! இனிமே இந்த ரூம் ஆம்பளைங்களுக்கு மட்டுந்தான். வாங்கடி வெளிய!" என்று கதவைப் பிடித்து இழுத்தார். கயிறு விறைத்தது. நார் ஒவ்வொன்றாகத் தெறிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மில்லுக்காரம்மாவின் முகம் வெளுத்துப் போயிற்று. யாரோ அழ ஆரம்பித்தார்கள்.

ஊசியம்மா ஈரப் புடவையை இழுத்துச் செருகினார். தானே கயிற்றை அவிழ்த்து வெளியே போய், கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றார். கதவிடுக்கில் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் கத்தவில்லை. முதல் ஆளைப் பார்த்து அன்பாக, "வாப்பா, ஒடம்பு பரவால்லையா?" என்றார். அவ்வளவுதான். அவனுக்கு மாட்டை அவிழ்த்துக் கட்டாமல் வந்தது ஞாபகம் வந்துவிட்டது. இரண்டாவது ஆளிடம், "மருந்து முழுசும் சாப்ட்டியா?" என்றார். அவன் ஒற்றைச் செருப்போடு போனான். மூன்றாவது ஆளை அவர் பார்க்கவே இல்லை. பார்ப்பதற்குள் அவன் வேலியைத் தாண்டியிருந்தான். ஆளுக்கொரு நலம் விசாரிப்பு. தோப்பு காலியாகிவிட்டது.

கான்ட்ராக்டர் மட்டும் அசையவில்லை. "என்னா, மெரட்டிப் பாக்கறியா? மானங்கெட்ட பொம்பளை!" என்றார்.

ஊசியம்மாவின் முகம் சிவந்தது. "மானத்தப் பத்தி நீ பேசறியா? ஆபரேஷன் கேம்ப்ல டேபிள்மேல படுத்துக்கிட்டு 'ஆத்தா ஆத்தா'ன்னு கத்துனியே, அப்ப உன் கையப் புடிச்சிக்கிட்டு நின்னவ நான்தான்!"

அந்த நாளில் கேம்ப் ஆபரேஷன் என்றால் ஒன்றுதான். குடும்பக் கட்டுப்பாடு. செய்துகொண்ட ஆண்கள் அதை வெளியே மூச்சு விடமாட்டார்கள். கான்ட்ராக்டருக்கு மூன்று பெண் குழந்தைகள். பேரன் வேண்டும் என்று அவருடைய ஆத்தா மாதம் தவறாமல் தீர்த்தமலை ஏறிக்கொண்டிருந்தார். கான்ட்ராக்டர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார்.

உள்ளே எல்லோரும் கைதட்டினோம். பத்துப் பாவாடையும் ஆபத்தில் இருந்தன, யாரும் கவலைப்படவில்லை. ஆனால் திரும்பி வந்த ஊசியம்மா தரையில் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டார். "சேசுவே, நான் என்னா காரியம் பண்ணிட்டேன்" என்றார். பிறகு எழுந்து, சுவரைப் பார்த்து நின்று துணி மாற்றினார். அவர் சுவரைப் பார்த்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

ஊர் முழுக்கச் செய்தி பரவியது. கான்ட்ராக்டரின் ஆத்தா மகனோடு பேசுவதை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டோம். ஊசியம்மா சோற்றில் கை வைக்கவில்லை. மாதாகோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார்.

"சாமியார் மன்னிச்சிட்டாரு பாப்பா. ஆனா அவங்கிட்டயும் போயிக் கேளுன்னுட்டாரு."

கான்ட்ராக்டர் வீட்டுக்குப் போனார். கதவு திறக்கவில்லை. அதற்காக விடுகிறவரா? சந்தை நாளன்று புளிக்கடை முன்னால் அவரைப் பிடித்துவிட்டார். நானும் கூடைக்காரியாகப் பின்னால் நின்று தொலைத்தேன்.

"தம்பி! நான் பண்ணது தப்பு! உன் ஆபரேஷனப் பத்தி நான் வெளிய சொல்லியிருக்கவே கூடாது!"

புளி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "என்னாங்க ஆபரேஷன்?" என்றார் வெளியூர் வியாபாரி ஒருவர்.

"அத மட்டும் சொல்ல மாட்டேன்! சத்தியமா சொல்ல மாட்டேன்!" என்று ஊசியம்மா மாரில் அடித்துக்கொண்டார். சொல்ல வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவர் மன்னிப்புக் கேட்கக் கேட்க, அதுவரை விஷயம் தெரியாதவர்களுக்கெல்லாம் தெரிந்தது. பஸ் ஸ்டாண்டில் கேட்டார். டீக்கடையில் கேட்டார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

கடைசியில் கான்ட்ராக்டரே வீட்டுக்கு வந்தார். நான் பின்னறையில் இருந்தேன்.

"உங்க கால்ல வேணா வுழறேங்க. நீங்க மன்னிப்புக் கேக்கறத நிறுத்துங்க. நிறுத்துனீங்கன்னா மன்னிச்சிடறேன்."

"நெஜமாவா தம்பி?"

"நெஜமாங்க." காப்பி டம்ளர் வைக்கும் ஓசை கேட்டது. பிறகு அவர் குரல் தாழ்ந்து வந்தது. "அன்னைக்கி என் கையப் புடிச்சிக்கிட்டீங்க. அத நான் மறக்கல. நான் அழுவறத நீங்க பாத்துட்டீங்களேன்னுதான் உங்கமேல எனக்குக் கோவம்."

பெண்கள் நேரத்தில் அதன்பின் யாரும் கை வைக்கவில்லை. ஒரு ஞாயிறு மோட்டார் ரூமுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தார். கான்ட்ராக்டரின் மனைவி. ஆணியில் துணியை மாட்டியபடியே மெதுவாகப் பேசினார்.

"இத்தன நாளா எங்க மாமியா என்னையத்தான் பேசுனாங்க. உனக்கு வவுறு வறண்டுபோச்சுன்னு வேப்பிலைய அரைச்சு அரைச்சுக் குடுத்தாங்க. இவரும் பாத்துக்கிட்டு சும்மாதான் இருந்தாரு. இப்ப பேச்சு நின்னுபோச்சுங்க."

எல்லோரும் ஊசியம்மாவைப் பெருமையாகப் பார்த்தோம். அவர் தலையை அசைத்தார். "அதுக்காவ நான் பண்ணது சரின்னு ஆயிருமா? ஆவாது கண்ணு." அவரை மேலும் கீழும் பார்த்து, "சரி, துணிய மாத்து. ஏன் இப்பிடி எளைச்சுக் கெடக்கற? கீரை திங்கறதில்லையா?" என்றார்.

அடுத்த வருஷம் அவரை ஏரியூருக்கு மாற்றிவிட்டார்கள். மோட்டார் ரூமில் மறுபடி சட்டம் அமலுக்கு வந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றோம், யாரும் யாரையும் பார்க்கவில்லை. இரண்டு மூன்று வாரம் போய்ப் பார்த்துவிட்டு நான் நின்றுவிட்டேன்.

எனக்குக் கல்யாணமாகி, முதல் பிரசவத்துக்கு அம்மா சேலத்தில் எல்லா ஏற்பாடும் செய்துவைத்திருந்தார். நான் பெட்டியோடு ஏரியூருக்குப் பஸ் ஏறினேன்.

"இங்க அவ்ளோ பெரிய ஆஸ்பத்திரி இருக்கு. அத வுட்டுட்டு அந்தக் கோடிக்கு எதுக்குடி போற?" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து அம்மா கத்தினார்.

காரணத்தை நான் சொல்லவில்லை. வேறு யார் முன்னாலும் எனக்கு வெட்கமாக இருந்திருக்கும்.