இரண்டு மேசைத் தேர்தல்

குருநகர்,
22.1.1984

பெருமதிப்புக்குரிய கூட்டுறவுப் பரிசோதகர் ஐயா அவர்களுக்கு,

கடல்மாதா மீன்பிடிச் சங்க அங்கத்தவன் சிமியோன் பணிவுடன் எழுதுவது. தாங்களும் குடும்பத்தாரும் தேக சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடிக்கொண்டு, சென்ற ஞாயிறு நடந்த எங்கள் தலைவர் தேர்தலை ரத்துச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஐயா, போட்டியிட்டது மூன்று பேர். எஞ்சின் படகுகள் வைத்திருக்கிற போட்டுக்காரர் கிறகோரி அண்ணை, மீன்வாடி முதலாளி செபமாலை, மூன்றாவது நான். எனக்குப் பதவி ஆசை கிடையாது. எஞ்சின் போட்டுகள் துறை முழுக்கக் கட்டிக் கிடப்பதால் எங்கடை சின்ன வள்ளங்கள் சேற்றில்தான் கரைபிடிக்கின்றன. என் மனைவி லூர்த்தம்மா முழங்காலளவு சேற்றில் மீன்கூடையோடு விழுந்து, கால் பிசகிக் கிடக்கிறாள். துறையில் பாதி எங்களுக்கு வேண்டும், அவ்வளவுதான். வாக்களிக்க முன் மூவரும் சபையில் சமமாக விவாதிக்க வேண்டும் என்று தாங்கள் எழுதிய கடிதத்தைச் செயலாளர் இன்னாசித்தம்பி வாசித்தார். வாசித்தவர் விளங்கிக்கொண்டது பட்டிமன்றம்! மேடையில் இரண்டு மேசை, நடுவில் மாலையோடு நடுவர். வேறு யார், அவரேதான். "என்ரை மேசை எங்கை?" என்று கேட்டேன். "பட்டிமன்றத்திலை ரெண்டு அணிதான் தம்பி. நீ கிறகோரியின்ரை அணியிலை இரண்டாம் பேச்சாளர்" என்றார். "அண்ணை, நான் அவரை எதிர்த்தெல்லோ நிக்கிறன்!" "அதை உன்ரை அணித்தலைவரோடை கதை. சபையைக் குழப்பாதை." வந்த விசருக்கு இறங்கிப் போயிருப்பேன். ஆனால், ஐயா, பதினெட்டு வருசம் நாட்டுக்கூத்தில் ராசா வேசம் கட்டினவன் நான், மைக்கைக் கண்டால் விடுவேனோ? கிறகோரி அண்ணையை அந்தமாதிரித் தூக்கிவைச்சுக் கதைச்சன். "இவர் தலைவரானால் துறையில் பாதி சின்ன வள்ளங்களுக்கு!" என்று அவருக்காக நானே வாக்கும் கொடுத்துவிட்டேன். சனம் விசிலடிச்சுது. அந்த மனுசனும் சிரிச்சுச் சிரிச்சுத் தலையாட்டினார்.

வாக்குகளை எண்ணிப் பார்த்தால் கிறகோரி 41, நான் 40, செபமாலை 12. விடியப் போய்ப் பார்க்கிறேன், துறை முழுக்க அவரின்ரை போட்டுகள்தான். கேட்டதற்கு, "அது நீ குடுத்த வாக்கு தம்பி, நான் குடுக்கேல்லை" என்கிறார். வயிறு பத்தி எரியுது ஐயா. எனக்கென்று ஒரு மேசையும் பத்து நிமிசமும் தந்திருந்தால் இப்படித் தோற்றிருப்பேனோ? மறுதேர்தல் வைத்துத் தாருங்கோ.

தங்கள் கையெழுத்து விழுகிற கடதாசியெல்லாம் நன்மையாய் முடிய ஆண்டவர் அருள்வாராக.

இங்ஙனம்,
கீழ்ப்படிவுள்ள,
வ. சிமியோன்

பி.கு.: கிறகோரி அண்ணைக்குக் கூட விழுந்த அந்த ஒரு வாக்கு என்னுடையது. நான் கதைச்சதைக் கேட்டு எனக்கே நம்பிக்கை வந்திட்டுது. லூர்த்தம்மாவுக்கு இன்னும் தெரியாது. பதிலைத் தயவுசெய்து வீட்டு விலாசத்துக்குப் போடாதேயுங்கோ.