காற்றைப் பாட்டிலில் அடைத்த சாமி

பாம்பனில் அந்த வாரம் காற்றுக்கு விலங்கு மாட்டியாகிவிட்டது. மாட்டியவர் காற்றுக்கட்டிச் சாமி. பெற்றவர்கள் வைத்த பெயர் மலையாண்டி, ஊர் சாயல்குடிப் பக்கம். அங்கே உப்பளத்துக்காரர்களுக்கு மழையை நிறுத்தித் தந்தார். பக்கத்து ஊர் மிளகாய்க் கொல்லைக்காரர்களுக்கு அதே மழையை வரவழைத்தும் தந்தார். இரண்டு ஊர்க்காரர்களும் ஒரு கல்யாணப் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து பேசிக்கொண்டார்கள். அன்றைக்கே சாமிக்குக் கடற்காற்று தேவைப்பட்டுவிட்டது.

கரையில் கொட்டகை எழும்பியது. பிளெக்ஸ் எழும்பியது. கூட்டம் என்றால் கூட்டம், ராமேஸ்வரத்திலிருந்தும் உச்சிப்புளியிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். சாமி ஒரு காலி கூல்டிரிங்ஸ் பாட்டிலை வானத்துக்குக் காட்டுவார். ஏதோ முணுமுணுப்பார். சட்டென்று மூடியைத் திருகுவார். புயல் உள்ளே. பாட்டிலின் கழுத்தில் சிலுவை, பிறை, சூலம் மூன்றையும் ஒரே கயிற்றில் தொங்கவிடுவார். தொழிலென்று வந்தபின் யாரையும் பகைக்கக் கூடாதல்லவா? காசைக் கையால் தொடமாட்டார், அவ்வளவு பற்றற்றவர். நெய்மீனையும் சிங்கி இறாலையும் மட்டும் தொடுவார்.

"புயல் ஏன் வருது தெரியுமா?" என்று அருள்வாக்கு சொல்வார். "துறைமுகத்துல புயல் கூண்டு ஏத்துறான், அதைப் பாத்துத்தான் வருது. அபாயச் சங்கு ஊதுறான், அதைக் கேட்டுத்தான் திரும்புது. செல்லுல மெசேஜ் விடுறான், அதை மோப்பம் புடிச்சு வீடு தேடி வந்துருது."

கூட்டம் வாயைப் பிளந்தது. சேவல் கூவித்தான் பொழுது விடிகிறது என்று நம்புகிறவனிடம், சேவலை அறுத்தால் ராத்திரி நீளும் என்றால் கசக்கவா போகிறது? புயல் பாதுகாப்பு மையத்து மாடியில் ஏறி, அபாயச் சங்கின் வாயில் பழைய வலையைத் திணித்துவிட்டு வந்தார்கள். வானிலை மெசேஜ் வந்தால் படிக்காமலே அழித்தார்கள்.

முன்பு இரண்டு முறை கூண்டு ஏறியபோதும் சாமி பாட்டிலை மூடினார், கூண்டு இறங்கியது. "ஏத்துன கூண்டு என்னைக்காவது இறங்கத்தான செய்யும்?" என்று கேட்டது ஊரிலேயே ஒரே ஆள், கருவாட்டு வியாபாரி ஹெலன். உனக்கு விசுவாசம் பத்தாது என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று காலை கூண்டு மூன்றாம் முறையாக ஏறியிருந்தது. "காத்தைக் கட்டியாச்சு, போய்ட்டு வாங்க" என்று சாமி முந்தின நாளே உத்தரவு கொடுத்துவிட்டார். வள்ளங்கள் வரிசையாகத் தயாராக நின்றன. அதில் ஒன்றில் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான் ஹெலனின் புருஷன் பென்னி. அவள் ஓடிப்போய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதீங்க. கடலுக்குப் போக வேணாம்னு மெசேஜ் வந்துருக்கு."

"அதை ஏன் படிச்ச? இந்நேரம் நம்ம வீட்டை மோப்பம் புடிச்சிருக்கும்."

அழுதால் நிற்கமாட்டான். சண்டை போட்டால் இன்னும் வேகமாகப் போவான். ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நேரே சாமியின் காலில் போய் விழுந்தாள்.

"சாமி, காத்து பாட்டிலுக்குள்ளதான இருக்கு?"

"ஆமா தாயீ."

"வெளிய கொஞ்சங்கூட இல்லையே?"

"ஒரு மூச்சுக்கூட இல்ல."

"அப்ப நீங்களும் வள்ளத்துல வாங்க. உங்க கால் பட்டா மீனு கொட்டும்."

மீனவர் சங்கத் தலைவரும் தலைமைப் பக்தருமான சவேரியாருக்குப் பரவசம் தாங்கவில்லை. "இது நமக்குத் தோணாமப் போச்சே. தூக்குங்கலே சாமிய."

"நான் கடல் தாண்டக்கூடாதுப்பா. விரதம்."

"பாலத்துல வந்தீகளே, கீழ கிடந்தது என்ன கம்மாயா?" என்றாள் ஹெலன்.

"அது வந்து, கால் நனையலை."

"இப்பவும் நனையாது சாமி, தோள்ல வச்சுக் கொண்டுபோறோம்" என்றார் சவேரியார்.

கொட்டுச் சத்தத்தோடு சாமி புறப்பட்டார். பக்தி முற்றினால் கீழே இறக்கிவிடமாட்டார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இடுப்பளவு தண்ணீரில் வள்ளத்தின் விளிம்பைக் கண்டதும் சாமி துடித்தார், திமிறினார், கடைசியில் கத்தினார்.

"ஏலே, விடுங்கடா. மத்தியானம் காத்து அடிக்குது. எழுபது கிலோமீட்டர் வேகம்னு போட்டுருக்கான்."

கொட்டு நின்றது.

"யாரு சாமி போட்டுருக்கான்?" என்றான் பென்னி.

சாமியின் மடியிலிருந்து செல்போன் வெளியே வந்தது. ஊர் முழுக்க அழித்த அதே மெசேஜ், அவரிடம் பத்திரமாக இருந்தது.

"வலுவிழக்குதுன்னு மெசேஜ் வந்தாத்தான் மூடியைத் திருகுவேன்" என்று அழுதார். "நேத்தும் அப்படித்தான் வந்துச்சு. விடியங்காட்டி மாத்திப்புட்டாங்கய்யா."

"தெரிஞ்ச பெறகும் ஏன் எங்களைத் தடுக்கலை?" என்றான் பென்னி.

"சொன்ன வாக்கை மாத்துனா மரியாதை போயிருமே."

அதுவரை சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த ஹெலனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவன் மரியாதைக்கு என் புருஷன் சாக வேண்டுமா? கொட்டகையிலிருந்து பாட்டிலை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் திறந்தாள். ஓர் இலைகூட அசையவில்லை. புளித்த ஆரஞ்சு வாடைதான் வந்தது.

வள்ளங்கள் கரையேறின. அபாயச் சங்கின் வாயிலிருந்த வலையைச் சவேரியாரே பிடுங்கினார். மத்தியானம் காற்று வந்து, முதல் வேலையாகச் சாமியின் கொட்டகையைத் தூக்கிக்கொண்டு போனது. ஊரே பாதுகாப்பு மையத்தில் அடைந்து கிடந்தது. நனைந்த கோழியாக ஒரு மூலையில் சாமி. காற்று அடங்கியதும் அவரைப் போலீசில் ஒப்படைப்பதாகப் பேச்சு. ஹெலன் கஞ்சி ஊற்ற, பென்னி அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் குடித்தான்.

சவேரியார் மெல்லப் பென்னி பக்கம் சாய்ந்தார். "என்ன இருந்தாலும் பாரு பென்னி, மத்தியானம் காத்து அடிக்கும்னாரு, அதே மாதிரி அடிக்குது. ஏதோ ஒரு சக்தி இருக்கத்தான் செய்யுது." பக்கத்தில் இரண்டு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

ஹெலன் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"தலைவரே, காத்து வருதுன்னு தெரிஞ்சு அவன் சொன்னான். அவன் சொல்லிக் காத்து வரலை. இதைப் பிரிச்சுப் பாக்கத்தான் கழுத்துக்கு மேல ஒண்ணு வச்சிருக்கு. வலை காயப்போட இல்ல."