நிழலுக்கும் வழிவிட்டு நடப்பவர்

பெற்ற அப்பா என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்று தெரியாத பெண்ணுக்கு எழுத்தாளர் ஆசை வந்திருக்கக் கூடாது. எனக்கு வந்தது. அந்த ஆசையால் ஒரு மனிதர் இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போனார் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில், மந்தைவெளியில் ஒரு மாடிப் போர்ஷனில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். பி.காம். முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு (தேடவில்லை) அஞ்சல் வழியில் கதை எழுதக் கற்றுக்கொண்டிருந்தேன். தி.நகரில் ஏதோ ஒரு மாடியிலிருந்து மாதம் இரண்டு பாடம் தபாலில் வரும். நான்காம் பாடம் வர்ணனை. 'ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் குறைந்தது மூன்று பெயரெச்சங்களை நிறுத்துங்கள். வினையெச்சங்களைச் சங்கிலியாகக் கோத்து, வினைமுற்றைத் தள்ளிப் போடுங்கள். காட்சி உயிர்பெறும்' என்று போட்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக உருப்போட்ட இலக்கணத்துக்கு இப்படி ஒரு பயன் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் ஒரு பொருளையும் விட்டுவைக்கவில்லை. "கொதித்த, பொங்கிய, அடங்கிய ரசம் ரெடியாம்மா?" என்றுதான் சாப்பிட உட்காருவேன். (அடி வாங்காதது அதிசயம்.)

பாடத்தின் கடைசியில் பயிற்சி: வீட்டில் உள்ள ஒருவரைச் சித்திரிக்கவும்.

அப்பா பெருங்குடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தார். அதை இழுத்து மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. காலையில் குளித்து, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். கைக்கெட்டும் தூரத்தில் இப்படி ஒரு ஆள் கிடைத்தால் விடுவேனா? எழுதினேன்: 'வேலை போய்விட்ட, மூலையில் மடித்துச் சாத்தப்பட்ட, யாரும் எடுத்து விரிக்காத ஈசிசேர் போன்ற மனிதர்.' எண்ணிப் பார்த்தேன், மூன்று. எனக்கே புல்லரித்தது. நோட்டைத் திறந்தபடியே மேசையில் போட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்து வந்து, கட்டிலில் கால் நீட்டி அடுத்த பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா வாசலில் நின்று, "போயிட்டு வர்றேன்மா" என்றார்.

"ம்" என்றேன். நிமிரவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் வரவில்லை. மேசையில் நான் எழுதிய பக்கத்தின் மேல் அவருடைய படிக்கிற கண்ணாடி மடித்து வைக்கப்பட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். அம்மாவிடம் சொல்லத் தைரியம் இல்லை. நோட்டைப் பீரோவுக்கு அடியில் தள்ளினேன்.

அன்று முழுக்க வரவில்லை. மறுநாள் ஞாயிறு விடிந்தும் வரவில்லை. அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். "நீதான் எழுதறவளாச்சே. காணோம்னு ஒரு நோட்டீஸ் எழுதி ஒட்டேன்" என்றாள். திருடன் கையில் சாவி கொடுத்த கதைதான்.

குற்றம் செய்தவள் எழுதினால் பெயரெச்சம் இன்னும் பெருகும் போலிருக்கிறது. 'காணவில்லை' என்று தலைப்புப் போட்டு எழுதினேன்: 'கலைந்துபோன கனவுகளைச் சுமந்து, தளர்ந்து, தன் நிழலுக்கும் வழிவிட்டு ஒதுங்கி நடக்கிற, பேசாத வார்த்தைகள் தேங்கி நிற்கிற கண்களையுடைய எங்கள் வீட்டு விளக்கு.' கீழே அம்மா பெயரும் வீட்டு விலாசமும். கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படத்தைச் சேர்த்தேன். அது ஜெராக்ஸில் தோசைக்கல் மாதிரி கறுப்பாக வந்தது. மந்தைவெளி பஸ் ஸ்டாண்டிலிருந்து லஸ் வரைக்கும் முப்பது இடங்களில் கோந்து தடவி ஒட்டினேன். அழுதுகொண்டேதான் ஒட்டினேன். ஒட்டிவிட்டு ஒவ்வொன்றையும் ஒரு முறை படித்தும் பார்த்தேன். (நன்றாகத்தான் இருந்தது, என்ன செய்ய.)

சாயங்காலம் ஒரு பிரதியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"நெழலுக்கு வழி வுட்டு நடப்பாரா? இன்னாம்மா அது, கால்ல அடி கிடி பட்டுகீதா?"

"இல்ல சார். அது வர்ணனை."

"சர்தான். இன்னா கலர் சட்டை?"

அவர் கையிலிருந்த நோட்டீஸை எட்டிப் பார்த்தேன். அதில் சட்டையே இல்லை.

"மச்சம், தழும்பு எதுனா?"

"இருக்கும் சார்."

"எங்க?"

இருபத்தோரு வருடம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்ட முகம். அதில் எங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஏட்டு பொறுமையாக எழுந்து நின்று, "என் உசரம் இருப்பாரா, கம்மியா?" என்றார். அதுவும் தெரியவில்லை. ஏழு மாதமாக அப்பா நின்று நான் பார்த்ததே இல்லை.

ஏட்டு பேனாவை மூடினார். திட்டியிருந்தால் தேவலை. "படிச்சா அழுவையா வர்து கண்ணு. ஆனா ஆளு தெர்லியே. வூட்ல அம்மா கீறாங்கல்ல? கேட்டுக்கினு வா."

அம்மா கேட்டவுடன் மூச்சுவிடாமல் சொன்னாள். "கட்டம் போட்ட ஊதாச் சட்டை, அதைத்தான் கொடியில காணோம். ரெண்டாவது பட்டன் மட்டும் வெள்ளை, நான் தைச்சது. வலது புருவத்துக்கு மேல தழும்பு, கம்பெனியில ரேக் இடிச்சது. அஞ்சடி நாலு அங்குலம்." பிறகு என் கையிலிருந்த நோட்டீஸை வாங்கி முதல் முறையாகப் படித்தாள். "இதுல உங்கப்பா எங்கடி இருக்கார்?"

அப்போது நோட்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

திங்கள்கிழமை காலை, அம்மா சொன்னதைச் சொன்னபடியே புது நோட்டீஸாக எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா உள்ளே வந்தார். கையில், சுவரிலிருந்து உரித்த பழைய நோட்டீஸ். பாலவாக்கத்தில், தன்னோடு வேலை பார்த்தவர் வீட்டில் இருந்திருக்கிறார்.

"பஸ்ஸை விட்டு இறங்கினா சுவத்துல இது. கண்ணாடி இல்லாம எட்டி நின்னு படிச்சேன்" என்று அம்மாவிடம் சொன்னார். "யாரோ ரொம்பக் கஷ்டப்பட்ட மனுஷன், பாவம்னு பக்கத்துல நின்னவர்கிட்டகூடச் சொன்னேன். கீழ பார்த்தா உன் பேரு."

அம்மா சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

"மன்னிச்சிடுங்கப்பா" என்றேன். "அந்த நோட்டுல எழுதினது..."

"அந்த ஈசிசேர் நல்லா இருந்துச்சும்மா" என்றார். "அதுலயாவது நான்னு தெரிஞ்சுது."



மறுநாள் அப்பா வெளியே கிளம்பும்போது வாசலில் அட்டென்ஷனில் நின்றார். "வெள்ளைச் சட்டை, காக்கி பேண்ட், கையில குடை. எழுதிக்கோ." அன்றிலிருந்து தினமும் அதுதான். என் கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரருக்கும் அது தொற்றிக்கொண்டது. இப்போது என் மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, "மஞ்சள் சுடிதார், சினிமாவுக்குப் போறேன்" என்கிறாள். ஏன் சொல்கிறோம் என்ற கதையை வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன்.

போன வருடம் அப்பாவை அடையாற்றில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, கதவருகில் ஸ்ட்ரெச்சரை நிறுத்தச் சொன்னார்.

"பச்சை கவுன். பின்னால நாடா. செருப்பு இல்லை. எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கிட்டேன்பா."

கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். மறுநாள் உடலைப் பெற்றுக்கொள்ளும் படிவத்தில் அங்க அடையாளம் கேட்டிருந்தார்கள். யாரையும் கேட்காமல் எழுதிக் கொடுத்தேன். வலது புருவத்துக்கு மேல் தழும்பு. ஐந்தடி நான்கு அங்குலம். அந்த ஏட்டு படித்திருந்தால் அவருக்கு ஆள் தெரிந்திருக்கும்.