கிரகம் படைக்கும் பல் வைத்தியர்

வீடு கட்டுகிறவர்கள் உண்டு, மனக்கோட்டை கட்டுகிறவர்கள் அதைவிட அதிகம் உண்டு, இந்த இருவரையும் மிஞ்சிய மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு: கிரகம் கட்டுகிறவர். உங்களுக்கும் இவரைத் தெரிந்திருக்கும். "ஒரு கதை எழுதறேன்" என்பார். எங்கே கதை என்று கேட்டுப் பாருங்கள். "இருங்க, அங்க மழை எந்தப் பக்கத்துலேர்ந்து வருதுன்னு இன்னும் முடிவாகல" என்பார்.

எங்கள் அரபு ஊரான அம்மான் நகரத்தில் இந்த இனத்தின் திலகம், என் அக்கா இப்திசாமின் கணவர் டாக்டர் முன்திர். தொழில், பல் வைத்தியம். இவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறு ஏது? மற்ற கிரகக்காரர்கள் கேட்பதற்கு ஆள் தேடிக் காபிக்கடை காபிக்கடையாக அலைகிறார்கள். இவரோ வந்தவரைச் சாய்த்து, வாயைத் திறக்கவைத்து, பஞ்சைத் திணித்து, மரத்துப்போக ஊசியும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் கிரகத்துக்குள் நுழைவார். யார் எதிர்த்துப் பேச முடியும்?

கிரகத்தின் பெயர் ஸர்ஸரா. அங்கே காற்று நிற்பதே இல்லை. அதனால் மக்கள் குள்ளம். நின்றால் பறந்துவிடுவார்கள் என்பதால் போர்வீரர்கள் தரையோடு தரையாகப் படுத்து ஊர்ந்துபோய்ச் சண்டை போடுவார்கள். போர் முழக்கத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்; ஆகவே எதிரியைத் திட்டுவதென்றால் குப்புறப் படுத்தபடி காலைத் தூக்கி ஆட்டவேண்டும். பெண் கேட்பவன் அவள் கூடாரத்துக்கு முன்னால் நிமிர்ந்து நிற்கவேண்டும். பதில் வரும்வரை நின்றவர்கள் குறைவு. வீரன் இறந்தால் புதைப்பதில்லை. பிடித்த கையை விட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். இவ்வளவையும் என் கடைவாய்ப் பல் ஒன்று போவதற்குள் நான் தெரிந்துகொண்டேன்.

சரி, எதற்கு இத்தனை பாடு? மகள் ஜுமானாவுக்காக. ஏழு வயதில் காய்ச்சலில் கிடந்தபோது அவள் கேட்டாள்: "அப்பா, நட்சத்திரத்துல சண்டை போடற பொண்ணு கதை சொல்லுங்கப்பா." சாதாரண அப்பனாக இருந்தால் 'ஒரு ஊர்ல ஒரு பொண்ணு' என்று ஆரம்பித்துக் காய்ச்சல் இறங்குவதற்குள் முடித்திருப்பான். இவர் கிரகத்தின் அச்சு எவ்வளவு சாய்ந்திருக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். காய்ச்சல் போயிற்று. பள்ளிக்கூடம் போயிற்று. கல்லூரியும் போயிற்று. கல்யாணமே வந்துவிட்டது, மஸ்கட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையோடு.

"அப்பா, நான் கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் கதையச் சொல்லிடுங்க. வேற எதுவும் கேக்கல" என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் கண்ணைப் பார்த்தால் தெரியும்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை. வீடு நிறைய உறவு, தட்டு நிறைய குனாஃபா இனிப்பு. மருதாணி காயாத கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஜுமானா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வடக்குக் காற்றில் ஆரம்பித்தார். அங்கிருந்து தெற்குக் காற்று. எங்கள் தேநீர் ஆறி, மறுபடி சுடவைத்து, அதுவும் ஆறிப்போனபோது குறுக்குக் காற்றுக்கு வந்திருந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனுஷி. மரியாதைக்காகக் கேட்டார்: "ஏன் டாக்டர், இவ்ளோ காத்துல எதிரி எப்படி இவங்ககிட்ட வந்து சேருவான்?"

டாக்டர் வாயைத் திறந்தார். மூடினார். கணக்குப் போட்டார். முகம் வெளுத்தது.

"வர முடியாது" என்றார்.

"அப்ப சண்டையே கிடையாதா? அல்ஹம்துலில்லாஹ்!"

"என்னங்க அல்ஹம்துலில்லாஹ்? சண்டை இல்லாட்டி இவங்க எப்படி வீரர்கள்? காத்தக் குறைக்கணும். குறைச்சா உயரம் கூடிரும். உயரம் கூடினா..."

"என்னைப் பொண்ணு கேட்டு வந்ததுகூட இவரு இல்ல, எங்க மாமியார்தான்" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "காத்துல நிக்கறவன் கதைய வேற அளக்கறாரு!"

எல்லோரும் சிரித்தோம். ஜுமானா சிரிக்கவில்லை.

"காத்து கிடக்கட்டும்ப்பா. அந்தப் பொண்ணு பேர் என்ன?"

கிரகத்தின் காற்றுகளுக்கெல்லாம் பெயர் வைத்தவர் அந்தப் பெண்ணுக்கு வைக்கவில்லை. அப்படி ஒருத்தி அங்கே பிறக்கவே இல்லை.

ஜுமானா எழுந்து, மருதாணி படாமல் குனிந்து, அவர் கையை முத்தமிட்டாள். "பரவால்லப்பா. எனக்கு ஒரு பொண்ணு பொறந்தா நானே சொல்லிக்கறேன். பேரோட ஆரம்பிக்கறேன். காத்து அப்புறமா அடிக்கட்டும்."

விமான நிலையத்தில் அவளை அனுப்பிவிட்டுத் திரும்பும்போது டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கண்ணெல்லாம் நீர். புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அவ சொன்னது சரிதான், மச்சான்" என்றார். "பேர் வேணும். பேருக்கு மொழி வேணும். மொழின்னா எழுத்து. அந்தக் காத்துல எதுமேல எழுதுவாங்க?"

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. அழுகிற மனிதரை எப்படி அடிப்பது?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்றை உண்மையாகச் சொல்லுங்கள்: இதைப் படித்துக்கொண்டு வரும்போது, 'அந்தக் காற்றில் அடுப்பு எப்படி எரியும்?' என்று ஒரு கணமாவது யோசித்தீர்களா? ஒரு சுவர் கட்டினால் எரியுமே என்று பதிலும் தோன்றியதா? அப்படியானால் தயவுசெய்து இதை இங்கேயே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போங்கள். உங்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தி கதை கேட்கக் காத்துக்கொண்டிருப்பாள்.