ருசு சாரும் கழிப்பறைத் திறப்பு விழாவும்

நேரில் பார்க்காத எதையும் நம்பாத மனிதர் திருவண்ணாமலையிலேயே ஒருவர்தான். அண்ணாமலையாரையே வாரம் ஒருமுறை போய்ச் சரிபார்த்துவிட்டு வருவார். எதற்கெடுத்தாலும் "ருசு இருக்கா?" என்று ஆதாரம் கேட்டதால் அவர் ருசு சார் ஆனார். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

வேங்கிக்கால் அலுவலகத்தில் எனக்கும் அவருக்கும் ஒரே மேசை. கம்பெனி ஊருக்குச் செய்யும் நல்லதையெல்லாம் ஆண்டறிக்கையாக எழுதுவது என் வேலை. எழுதியது நிஜமா என்று பார்ப்பது அவர் வேலை. கிரிவலப் பாதையில் நாங்கள் போட்ட பெஞ்சு ஒவ்வொன்றிலும் படுத்துப் பார்த்தார். 'பயனாளிகள் பெருமகிழ்ச்சி' என்று எழுதினேன். "எந்தப் பயனாளி? எத்தினி மணிக்கு சிரிச்சாரு?" என்றார். எனக்கு ரத்தக் கொதிப்பு வந்தது அந்த மேசையில்தான்.

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு பள்ளியில் கழிப்பறை கட்டினோம். டைல்ஸ், கதவு, கதவைவிடப் பெரிய கம்பெனி போர்டு எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

"பொண்ணுங்க காலையிலேர்ந்து தண்ணியே குடிக்கிறதில்லீங்க சார். குடிச்சா போவணுமேன்னு பயம்" என்று தலைமையாசிரியை சொன்னதும் ருசு சாரின் முகம் சுருங்கிவிட்டது. மோட்டார் கேட்டு மேலிடத்துக்கு மூன்று கடிதம் போட்டார். 'விழா முடியட்டும், பார்க்கலாம்' என்று பதில் வந்தது. நானும் கூச்சமில்லாமல் 'பணி நிறைவு' என்று எழுதிவிட்டேன்.

விழாவன்று மேளம், மாலை, போட்டோகிராபர். கம்பெனி இயக்குநர் ரிப்பனை வெட்டிக் கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

உள்ளேயிருந்து குரல் வந்தது: "ஆள் இருக்கு!"

மேளம் நின்றது. அது ருசு சாரின் குரல். ரிப்பன் கட்டுவதற்கு முன்பே மனிதர் உள்ளே போயிருக்கிறார்!

"யாருய்யா உள்ள?" என்றார் இயக்குநர்.

"நான்தாங்க, சரிபார்க்க வந்தேன். வந்த வேலை முடிஞ்சிடுச்சு, தண்ணிதான் வரல. ஒரு பக்கெட் கொண்டாந்தீங்கன்னா வெளிய வந்துடுவேன்."

"நான் கொண்டாரேன் சார்" என்று ஓடினேன். உள்ளேயிருந்து ருசு சார் தடுத்தார்: "நீ இருப்பா. அறிக்கையில கையெழுத்து போடுறவரு கொண்டாரட்டும்!"

பள்ளிக்கூடமே பார்த்துக்கொண்டிருந்தது. இயக்குநர் மாலையோடு சாலையைத் தாண்டிப் போய், அடிபம்பில் தண்ணீர் அடித்துச் சுமந்து வந்தார். போட்டோகிராபர் அதையும் எடுத்துத் தொலைத்தான்.

அந்த வாரமே மோட்டார் வந்தது. ருசு சாருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை.

அடுத்த மாதம் அவரோடு நானும் போனேன். குழாயைத் திறந்து மூடி, மறுபடி திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி தானாகவே வந்து, "சார், இப்பல்லாம் நான் தண்ணி குடிச்சிட்டுதான் வரேன்" என்றாள்.

ருசு சார் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.